நொரநாட்டியத்தார் நடத்திய வீதி உலா

தன் கைவேலையில் எங்கெங்கே கோணல் இருக்கிறது என்று ஆட்களைக் கூட்டிக்கொண்டுபோய், வெயிலில் நடக்கவைத்துக் காட்டிய மனிதர் இந்தப் பூமியிலேயே ஒருவர்தான். அவரும் என் பட்டறையில்தான் இருந்தார். அதிலும் எனக்கு ஒரு பெருமை உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பெருமை என்று வந்துவிட்டதால் என்னைப் பற்றியும் நாலு வரி. ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் நான். வெல்டிங் பட்டறையில் எடுபிடியாக நுழைந்து, நாமக்கல்லில் சொந்தமாக லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை வைக்கிற அளவுக்கு வந்தேன். காஷ்மீர் ஆப்பிளிலிருந்து தூத்துக்குடி உப்பு வரைக்கும் நான் கட்டிய பாடியில் ஏறி உட்காராத சரக்கு இந்த நாட்டில் கிடையாது. ஏதாவது ஒன்று விட்டுப்போயிருந்தால் அது ரயிலில் போயிருக்கும்.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. ரேஷன் கார்டில் இருக்கும். வீதியில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எதைக் கண்டாலும் குறை சொல்கிற ஆளை எங்கள் பக்கம் நொரநாட்டியம் பிடித்தவன் என்போம். இவருக்கு அதுவே பெயராகி, வயது ஏறியதும் மரியாதை சேர்ந்து நொரநாட்டியத்தார் ஆகிவிட்டது. தபால்காரரே அப்படித்தான் விசாரித்துக்கொண்டு வருவார்.

ராசிபுரம் பக்கத்து ஆள். தாய் தகப்பன் இல்லை. ஒல்லியாக, உயரமாக, காதில் ஒரு பிரஷ்ஷோடு வந்து சேர்ந்தார். லாரிக்குப் படம் போடுவது தொழில். கழுகு, தாமரை, பசுவும் கன்றும், என்ன கேட்டாலும் போடுவார். உயிரோடு இருப்பதுபோல் இருக்கும். அத்தோடு விட்டிருந்தால் அவர் எங்கேயோ போயிருப்பார்.

முதல் வேலையே கழுகு. சேலத்து லாரிக்காரர் ஒருவர் பூசணிக்காய், எலுமிச்சம்பழம், மாலை எல்லாம் வாங்கிக்கொண்டு வண்டி எடுக்க வந்தார். கழுகைப் பார்த்து அசந்துபோய் நின்றார். நான் மீசையைத் தடவிக்கொண்டு பக்கத்தில் நின்றேன். அப்போது இவர் மெதுவாக வந்தார்.

"ஏனுங்க, இடது றெக்கை ஒரு விரக்கடை குட்டைங்க."

"எங்கப்பா?" என்றார் லாரிக்காரர்.

"இங்கங்க. இப்பப் பாத்துட்டீங்கள்ல, இனி உங்களுக்கு அது மட்டுந்தான் தெரியும்."

அப்படியே ஆயிற்று. லாரிக்காரர் தள்ளி நின்று பார்த்தார், குனிந்து பார்த்தார், ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். றெக்கையைச் சரிபண்ணாமல் வண்டி எடுக்கமாட்டேன் என்றுவிட்டார். வாங்கிவந்த மாலை வாடி, நாலு நாள் கழித்து வேறு மாலையோடு வந்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

"ஏப்பா, ஓடற வண்டியில றெக்கைய எவன் அளந்து பாக்கப் போறான்?" என்று கத்தினேன்.

"கழுகு பாக்குமுங்க," என்றார்.

இப்படிப்பட்டவரை அன்றைக்கே அனுப்பியிருக்க வேண்டும். அனுப்பவில்லை. நல்ல வேலைக்காரனை அடையாளம் கண்டுகொள்வதில் நாமக்கல்லில் என்னை மிஞ்ச ஆள் இல்லை.

ஒரு தடவை பசுமாட்டுக்குக் கண்ணிமை போட மறந்துவிட்டார். அது நினைவுக்கு வந்தபோது வண்டி நாக்பூரைத் தாண்டியிருந்தது. டிரைவருக்கு தினமும் காலையும் மாலையும் போன் போட்டு, எங்கே வருகிறாய், எப்போது வருகிறாய் என்று கேட்டார். டிரைவரின் மனைவிகூட அப்படிக் கேட்டதில்லையாம். வண்டி திரும்புகிற நாளில் சுங்கச்சாவடியில் கறுப்பு பெயிண்டோடு போய் நின்றார். வரிசை நகர நகரக் கூடவே நடந்து ஒரு கண்ணுக்கு இமை போட்டுவிட்டார். அடுத்த கண்ணுக்குப் போவதற்குள் முன்னால் இருந்த தடுப்புக் கம்பு மேலே எழும்பிவிட்டது. அந்தப் பசு ஒன்றரை வருஷம் ஒரு கண்ணில் மட்டும் இமையோடு இந்தியாவைச் சுற்றியது.

அடுத்தவர் வேலையையும் விட்டுவைக்கமாட்டார். ஆனால் ஒரு நியாயம் வைத்திருந்தார். முதலில் தன் குறை இரண்டைச் சொல்லிவிட்டுத்தான் மற்றவன் குறை ஒன்றைச் சொல்வார். எங்கள் எதிர்வரிசையில் சிமெண்டில் சாமி சிலை செய்கிறவர் ஒருவர் இருந்தார். பதினெட்டு அடியில் ஒரு முனியப்பன் செய்து முடித்து, ஊரே வந்து கும்பிட்டுவிட்டுப் போனது. இவரும் போய்க் கும்பிட்டார்.

"மீசை இடது பக்கம் கொஞ்சம் சோகமா இருக்குதுங்க," என்றார்.

"முனியப்பனுக்கு என்னய்யா சோகம்?" என்றார் சிலைக்காரர்.

"அதைத்தானுங்க நானும் கேக்கறேன்."

சிலைக்காரர் ஒரு வருஷம் இவரோடு பேசவில்லை. ஆனால் மறுநாள் விடிந்தும் விடியாததுமாகச் சாரம் கட்டி ஏறி, முனியப்பனின் இடது மீசையைத் தூக்கிவிட்டுக்கொண்டிருந்ததை வீதியே பார்த்தது.

எங்கள் வீதியைப் பற்றிச் சொல்லவேண்டும். ஒரு மைல் நீளம். ஒருபக்கம் பாடி கட்டும் பட்டறைகள், மறுபக்கம் பெயிண்டர்கள், ஸ்டிக்கர் வெட்டுகிறவர்கள், சிலைக்காரர், கல்யாண மேடைக்குத் தெர்மாகோலில் மயிலும் யானையும் செய்கிறவர்கள், நடுநடுவே ஒரு பேண்டு செட். எங்களுக்கு அது பட்டறை வீதி. கோயம்புத்தூரிலிருந்து கட்டடக்கலை சொல்லிக்கொடுக்கிற ஒரு டீச்சரம்மா வந்து பார்த்துவிட்டு, இது ஒரு 'ஆர்ட் டிஸ்ட்ரிக்ட்' என்றார்கள். சேலத்திலிருந்து நாமக்கல்லைப் பிரித்ததே எனக்கு இன்னும் சரியாகப் பழகவில்லை, அதற்குள் இன்னொரு மாவட்டமா என்று கேட்டேன். கலைஞர்கள் கூட்டமாக இருக்கிற பகுதியாம். மாதத்தில் சில ஞாயிற்றுக்கிழமை மாணவர்களைக் கூட்டிவருகிறேன், யாராவது நடந்தபடியே விளக்கிச் சொல்லமுடியுமா என்று கேட்டார்கள்.

இதற்கெல்லாம் தகுதியான ஆள் யார்? முதல் ஞாயிறு நானே போனேன். நான் கட்டிய முதல் பாடி பூட்டிய லாரியை, அது ஓய்ந்தபிறகு திருப்பி வாங்கி, பட்டறை வாசலில் கொட்டகை போட்டு நிறுத்தியிருக்கிறேன். அதன் முன்னால் எல்லோரையும் நிற்கவைத்து, நான் முன்னுக்கு வந்த கதையை ஒன்றேகால் மணி நேரம் சொன்னேன். அசந்துபோனார்கள். இரண்டு பேர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். அடுத்த வாரம் டீச்சரம்மா, உங்களுக்கு எவ்வளவோ வேலை இருக்கும், வேறு யாராவது போதும் என்றார்கள். என் நேரத்தின் அருமை தெரிந்தவர்கள்.

அப்படித்தான் நொரநாட்டியத்தார் வழிகாட்டி ஆனார். அவர் கூட்டிப்போன உலா மாதிரி ஒன்று எந்த ஊரிலும் நடந்திருக்காது. நன்றாக இருக்கிற ஒரு படத்தையும் காட்டமாட்டார். குட்டை றெக்கை, பார்வை தப்பிய கன்று, ஆறு இதழில் அவசரமாக முடிந்துபோன தாமரை என்று கோணல் கோணலாகத் தேடிக் கூட்டிப்போவார். ஏன் இப்படி என்று கேட்டேன்.

"நல்லா இருக்கறதை அவங்களே பாத்துக்குவாங்க முதலாளி. கோணலைக் காட்டத்தான் கூட ஆள் வேணும்."

உலாவுக்கு ஏழு பேருக்கு மேல் சேர்க்கமாட்டார். கூட்டம் பெருத்தால் பின்னால் நிற்கிறவர்கள் நல்லதை மட்டும் பார்த்துவிட்டுப் போய்விடுவார்களாம். நடக்கும்போது போன் கூடாது என்று தன் போனை டீக்கடை மேசை டிராயரில் போட்டுவிடுவார். இந்த போன் விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இத்தனை கோணலையும் கண்டுபிடித்தவருக்குத் தன் கல்யாணம் ஏன் நடக்கவில்லை என்பதை மட்டும் கண்டுபிடிக்க முடியவில்லை. நாற்பத்தொன்று ஆகிவிட்டது. எங்கள் பக்கம் பெண் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று இப்போது எல்லோருக்கும் தெரியும். காடும் தோட்டமும் வைத்திருக்கிறவனே தரகர் பின்னால் அலைகிறான். இவருக்குச் சொந்த வீடுகூட இல்லை. பெயிண்ட் கடைக்குப் பின்னால் சிமெண்டு ஷீட் போட்ட ஒரே ஒரு அறை. அதையும் மீறி ஒன்றிரண்டு இடம் வந்தது. ஒரு வீட்டில் பஜ்ஜித் தட்டைக் கையில் கொடுத்த நிமிஷத்திலேயே இவர் ஆரம்பித்துவிட்டார்.

"முன்பல்லு ரெண்டு கட்டுனதுங்க. கொறட்டை இருக்குதுன்னு பக்கத்து ரூம்காரர் சொல்றாருங்க. நான் கேட்டதில்லை."

தட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள் என்று தரகர் வந்து அழுதார்.

ஒரு நாள் மத்தியானம், இவர் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துவைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். குழம்பில் என்ன குறை என்று கேட்டேன்.

"கொழம்பு நல்லாத்தானுங்க இருக்குது," என்றார். பொட்டலத்தை மறுபடி மடித்துக்கொண்டே, "அதை ஆருகிட்டயாவது சொன்னா நல்லாருக்குமுன்னு இருந்துது," என்றார்.

இருபது வருஷத்தில் ஒன்றை நல்லது என்று அவர் சொல்லிக் கேட்டது அன்றைக்குத்தான். அன்றே முடிவு செய்தேன், இந்தக் கல்யாணத்தை நான் நடத்திக்காட்டுவது என்று.

பள்ளிபாளையத்திலிருந்து ஒரு இடம் வந்தது. பெண்ணுக்கு முப்பத்தாறு வயது. துணிக் கம்பெனியில் சூப்பர்வைசர். ஜாதகம் சேர்ந்தது, போட்டோ பரிமாறியாயிற்று. வீடு பார்க்க வருகிறோம் என்று சொல்லிவிட்டார்கள். பெண் கொடுப்பதற்கு முன்னால் பெண்ணின் சொந்தபந்தம் ஒற்றைப்படையில் கிளம்பிவந்து மாப்பிள்ளையின் வீடு வாசலைப் பார்த்துப்போவது எங்கள் பக்கத்து வழக்கம். பெண் வரமாட்டாள். வீட்டைப் பார்த்துத்தான் முக்கால்வாசி கல்யாணம் முடிவாகும்.

அந்த இடத்தில்தான் என் மூளை வேலை செய்தது. வீதிக் கடைசியில் புதிதாக மாடி வைத்து ஒரு வீடு கட்டியிருந்தேன். அதையே இவர் வீடு என்று காட்டிவிடுவது, கல்யாணம் முடிந்ததும் ஆற அமர இவருக்கு ஒரு வீடு நானே கட்டிக்கொடுத்துவிடுவது. கேட்டில் இவர் பெயரை இவரையே எழுதச் சொன்னேன். எழுதிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தார்.

"பேரு நல்லா வந்திருக்குதுங்க. ஊடுதான் என்னுது இல்லீங்க."

"நீ ஒண்ணும் பேச வேண்டாம். நான் பேசிக்கறேன்."

"வேண்டாமுங்க முதலாளி. நான் பொய் சொல்ல மாட்டனுங்க."

"நீ பக்கத்துல நின்னாப் போதும்ப்பா."

தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனார். நான் சொன்னதைத் தட்டிப் பழக்கமில்லை அவருக்கு.

ஞாயிற்றுக்கிழமை. பெண் வீட்டார் பத்தரைக்கு வருவதாகப் பேச்சு. அன்று காலை ஒன்பதுக்குக் கோயம்புத்தூர் உலாவும் இருந்தது. அதை முடித்துவிட்டுக் குளித்து வந்துவிடுகிறேன் என்றிருந்தார். நான் முன்யோசனைக்காரன். டீக்கடைக்காரரிடம், ஏழு பேர் வந்து நொரநாட்டியத்தாரைக் கேட்டால் நேராக என் வீட்டுக்கு அனுப்பு என்று சொல்லிவைத்தேன். மனைவியிடம், ஏழு பேர் வருவார்கள், கேசரியும் வடையும் தயாராக இருக்கட்டும் என்றேன்.

பெண் வீட்டார் வெயிலுக்கு முன்னால் முடித்துக்கொள்ளலாம் என்று ஒன்பதுக்கே வந்துவிட்டார்கள். தரகர் இவருக்கு ஆறு தடவை போன் செய்திருக்கிறார். போன் டிராயருக்குள் கிடந்தது. எனக்குச் செய்யவில்லை. எனக்குச் செய்தால் நான் பேசி முடிக்க மத்தியானம் ஆகிவிடும் என்று பயந்தாராம்.

வீதி முனையில் குடையோடு நின்றுகொண்டிருந்த இவர் முன்னால் வேன் வந்து நின்றது. அங்கே நடந்த பேச்சைப் பின்னால் விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

"ஏழு பேருங்களா?" என்று கேட்டிருக்கிறார் இவர்.

"ஆமாங்க, ஒத்தப்படையாத்தான் வந்திருக்கறோம்," என்றிருக்கிறார் பெண்ணின் தாய்மாமன்.

"நல்லதுங்க. உங்களுக்குத்தான் காத்துட்டிருக்கறேன். செருப்பு நல்லதா இருக்குதுங்களா? ஒரு மைல் நடக்கோணும்."

போட்டோவில் பார்த்த மாப்பிள்ளையே வீதி முனைக்கு வந்து கூப்பிடுகிறார் என்று அவர்களுக்கு ஒரே சந்தோஷம். பின்னால் வந்தவர்களில் கண்ணாடி போட்ட ஒரு பெண் இருந்தாள். அவள்தான் கல்யாணப் பெண். வழக்கத்துக்கு மாறாகத் தானே வந்திருந்தாள். இவருக்கு அடையாளம் தெரியவில்லை. தரகர் கொடுத்த போட்டோவில் ஸ்டுடியோக்காரர் அவளுக்கு அடித்திருந்த வெள்ளையில் பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது.

நான் போய்ச் சேர்ந்தபோது கூட்டம் என் பட்டறை வாசலில், என் முதல் லாரியின் முன்னால் நின்றது. வயதானவர்கள் தெரிந்தார்கள், வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர் தெரிந்தார். இந்தத் தடவை டீச்சரம்மாவுக்குப் பதில் பேராசிரியர்களே வந்துவிட்டார்கள்போல, அதுவும் வேட்டியில், நல்ல பழக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

"இது எங்க முதலாளி கட்டுன மொத பாடிங்க," என்று சொல்லிக்கொண்டிருந்தார் இவர். "பின் கதவு ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு பேசாதுங்க. மூடுனா நடுவுல எலி போற சந்து இருக்கும். நெல்லு ஏத்துனா ஊர் போய்ச் சேர்ற வரைக்கும் குருவிங்க கூடவே பறந்து வருமுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். கண்ணாடி போட்ட பெண் குனிந்து சந்தில் விரலை விட்டுப் பார்த்தாள். என் மானம் போய்க்கொண்டிருந்தது. அதைத் தூக்கி நிறுத்த, வேட்டிப் பெரியவரின் பக்கத்தில் சேர்ந்து நடந்தேன். நான் வெறும் லாரிக்காரன் இல்லை, அறிவாளி என்று அவருக்குத் தெரிய வேண்டாமா?

"இன்னைக்கு இவனுக்கு முக்கியமான நாளுங்க," என்றேன்.

"அப்படிங்களா."

"பொண்ணு ஊட்டுக்காரங்க ஊடு பாக்க வாராங்க. இவனுக்கு ஏதுங்க ஊடு? பெயிண்ட் கடைக்குப் பின்னால ஒரு ரூமுதான். அதான் என் புது ஊட்டையே இவனுதுன்னு காட்டிரலாம்னு ஏற்பாடு."

"யோசனை உங்களுதுங்களா?"

"இந்த வீதியில யோசனைன்னு வந்தா என்னை உட்டா ஆரு இருக்கறா?"

பெரியவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "தெரிஞ்சுபோச்சுன்னா?"

"அதெல்லாம் தெரியாதுங்க. பாக்க வாரவங்க மாடி இருக்குதா, மோட்டாரு இருக்குதா, கேட்டுல பேரு இருக்குதான்னு பாப்பாங்க. அதுக்கு மேல ஆரு பாக்கறா?"

"ஆரும் பாக்கறதில்லீங்க," என்றார் பெரியவர்.

எங்களுக்குப் பின்னால் வந்த கண்ணாடிப் பெண் நின்று, செருப்பு வாரைச் சரிசெய்வதுபோல் குனிந்தாள். கல்லு கிடக்குது, பார்த்து நடங்க சாமி என்று சொல்லிவிட்டு, நான் கதையைத் தொடர்ந்தேன். கேட்டில் பெயர் எழுதிய விவரம், ஒட்டடை அடித்த விவரம், இவர் பேசாமல் நிற்கப்போகிற விவரம் எல்லாவற்றையும் விடாமல் சொன்னேன். நன்றாகக் கேட்கிற ஆள் கிடைத்தால் எனக்குப் பாதியில் நிறுத்த வராது.

முன்னால் இவர் குடையைத் தூக்கிப் பிடித்தபடி, ஆறு இதழ்த் தாமரையைத் தாண்டி, சோகம் நீங்கிய முனியப்பனைத் தாண்டி, வீதிக் கடைசிக்கு வந்துவிட்டார். மணி பத்துதான் ஆகியிருந்தது.

"வந்ததுதான் வந்தீங்க, ஊட்டையும் ஒரு பார்வை பாத்துட்டுப் போங்க," என்று நான்தான் கூப்பிட்டேன்.

உள்ளே நுழைந்தால் சோபாவில் ஏழு பேர் உட்கார்ந்து கேசரி தின்றுகொண்டிருந்தார்கள். ஆறு பேர் கல்லூரிப் பிள்ளைகள், ஒருவர் டீச்சரம்மா. ஒரு பையன் என் ஜன்னலை நோட்டில் வரைந்துகொண்டிருந்தான். பட்டுச்சேலை கட்டிய என் மனைவி என்னை ஓரமாக இழுத்தாள்.

"ஏனுங்க, பொண்ணு ஊட்டுக்காரங்க வந்து அரை மணி நேரமாச்சு. எல்லாம் சின்னஞ்சிறுசா இருக்குதுங்க. மாப்பிள்ளையப் பத்தி ஒரு வார்த்தை கேக்கலை. இந்த ஜன்னலு ஆரு வெச்சதுன்னுதான் கேக்கறாங்க."

நான் டீச்சரம்மாவைப் பார்த்தேன். பிறகு மெதுவாகத் திரும்பி வேட்டிப் பெரியவரைப் பார்த்தேன்.

"நாங்கதானுங்க பள்ளிபாளையம்," என்றார் அவர்.

எனக்குப் பேச்சு நின்றுபோனது என் வாழ்க்கையில் ஒரே தடவைதான். அது அப்போது.

நொரநாட்டியத்தார் குடையை மடக்கினார். பெரியவரைப் பார்த்தார், கண்ணாடி போட்ட பெண்ணைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"அப்ப நான் காட்டுனதெல்லாம்..."

"பாத்தமுங்க," என்றார் பெரியவர்.

"ஒண்ணு உட்டுப்போச்சுங்க." இவர் வாசலுக்கு வெளியே கையைக் காட்டினார். "கேட்டுல இருக்கற பேரு என்னுதுதான். நான்தான் எழுதுனேன். ஆனா ஊடு என்னுது இல்லீங்க."

"அதை முதலாளி முன்னாடியே சொல்லிட்டாருங்க."

இவர் திரும்பி என்னைப் பார்த்தார். பட்டறையில் எத்தனையோ தடவை நான் அவரை அப்படிப் பார்த்திருக்கிறேன். அவர் என்னை அப்படிப் பார்த்தது அன்றைக்குத்தான். பையன்கள் கேசரியை மெல்வதை நிறுத்திவிட்டார்கள். நான் இரண்டு கையையும் கூப்பினேன். எனக்கு அது சுலபத்தில் வருகிற காரியம் இல்லை.

"தப்பு என்னுதுங்க," என்றேன். "அவன் வேண்டாம்னுதான் சொன்னான். என்னை என்ன வேணாலும் சொல்லிக்குங்க. அதை வெச்சு அவனை வேண்டாம்னுட்டுப் போயிராதீங்க."

பெரியவர் பெண்ணின் பக்கம் திரும்பினார். அந்தப் பெண்தான் முதலில் பேசினாள், இவரைப் பார்த்து.

"உங்க ரூமைக் காட்டுங்க."

திரும்ப நடந்தோம். பள்ளிபாளையத்துக்காரர்கள் ஏழு பேர், நான், என் மனைவி, பின்னால் விவரம் புரியாமல் நோட்டுப் புத்தகத்தோடு அந்த ஏழு பேர். அவ்வளவு பெரிய கூட்டத்தை அவர் அதற்கு முன் கூட்டிப்போனதில்லை. பெயிண்ட் கடைக்குப் பின்னால் கதவைத் திறந்தார். ஒரு கட்டில், ஒரு அடுப்பு, கயிற்றில் இரண்டு சட்டை. ஓடிப்போய் எதையும் ஒதுக்கிவைக்கவில்லை.

"மழை பேஞ்சா இந்த மூலை ஒழுகுமுங்க. ரெண்டு பக்கெட்டு வெச்சாத் தாங்கும். தண்ணி ஒரு நாள் உட்டு ஒரு நாள். கதவு கீழ உரசும், தூக்கித்தான் சாத்தோணும். ஜன்னலு மேக்க பாத்ததுங்க. பொழுது சாய்ஞ்சா அனலு, ஆரும் உள்ளே இருக்க முடியாது."

அந்தப் பெண் ஒவ்வொன்றையும் பார்த்தாள். கதவைத் தூக்கிச் சாத்தியும் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"இதுல நல்லதுன்னு ஒண்ணுமே இல்லீங்களா?"

அந்தக் கேள்வியை அவரிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை. நின்று யோசித்தார். நான் பக்கத்தில் துடித்துக்கொண்டிருந்தேன். என்னைக் கேட்டிருந்தால் பத்து சொல்லியிருப்பேன். நானும் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை.

"அதே ஜன்னலுதானுங்க," என்றார் கடைசியில். "காத்தால ஏழு மணிக்கு வெயிலு இந்தக் கூரையைத் தாண்டி எதுத்த பட்டறையில நிக்கற வண்டி மேல விழும். புதுசாப் பெயிண்ட் அடிச்ச வண்டிங்க. அந்தக் கலரு திரும்பி வந்து இந்தச் சுவத்துல படியும். ஒரு நாளைக்குச் செகப்பு, ஒரு நாளைக்கு மஞ்சள், பச்சை. என்ன கலருன்னு பாக்கறதுக்குன்னே எந்திரிப்பனுங்க. கொஞ்ச நேரந்தான் இருக்கும்." சுவரைத் தடவிப் பார்த்தார். "அதை நான் ஆருக்கும் காட்டுனதில்லீங்க."

பெண் சுவரைப் பார்த்தாள். அப்போது அதில் ஒன்றும் இல்லை. வெறும் சுண்ணாம்புச் சுவர். ஆனாலும் ரொம்ப நேரம் பார்த்தாள்.

சொல்லி அனுப்புகிறோம் என்று சொல்லிவிட்டு வேன் ஏறிவிட்டார்கள். சொல்லி அனுப்புகிறோம் என்று போனவர்கள் எங்கள் பக்கம் சொல்லி அனுப்புவதில்லை. நொரநாட்டியத்தார் கேட்டில் இருந்த தன் பெயரை அன்று சாயங்காலமே அழித்துவிட்டு, ஏணியில் ஏறி வேலையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். என்னிடம் கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

புதன்கிழமை தரகர் மூச்சு வாங்க ஓடிவந்தார். அந்தப் பெண்ணுக்கு ஏற்கனவே ஓரிடத்தில் பேசி முடித்து, பத்திரிகை அடித்தபிறகு நின்றுபோனதாம். மாப்பிள்ளை வீடு என்று காட்டியது யாரோ சித்தப்பா வீடாம். அதனால்தான் இந்தத் தடவை, யார் சொன்னாலும் கேட்காமல், நானே கண்ணால் பார்க்கிறேன் என்று அவள் வேனில் ஏறியிருக்கிறாள். தாய்மாமனான அந்த வேட்டிப் பெரியவர் சொல்லியனுப்பியது இதுதான்: "கொறையெல்லாம் மொதல்லயே பாத்தாச்சு. இனிப் புதுசா ஒண்ணும் வராது. புள்ளைக்குப் புடிச்சிருக்குது."

நிதானமாக யோசித்துப் பார்த்தால், நான் மட்டும் வாயை மூடிக்கொண்டு நடந்திருந்தால் இந்தச் சம்பந்தம் பொய்யில் ஆரம்பித்து எங்கேயோ போய் முட்டியிருக்கும். ஆகவே இந்தக் கல்யாணத்தை நடத்திக்காட்டியதும் நான்தான். இதை என் மனைவியிடம் சொன்னேன். அவள் குழம்பைக் கிளற அடுப்படிக்குப் போய்விட்டாள்.

நிச்சயத்துக்கு நாள் குறித்தார்கள். இரண்டு பக்கத்துத் தகப்பன்மாரும் உட்கார்ந்து வெற்றிலை மாற்றிக்கொள்ள வேண்டும். இவருக்கு ஆள் இல்லை. சிலைக்காரரைக் கேட்கப்போகிறார் என்று ஒருவன் சொன்னான். ராசிபுரத்தில் யாரோ தூரத்துப் பெரியப்பா இருக்கிறார் என்று இன்னொருவன் சொன்னான். நியாயம்தானே, ஊரார் முன்னால் அவர் மானத்தை வாங்கப் பார்த்தவன் நான். அவர் பாட்டுக்கு வந்தார், படம் போட்டார், போனார். நாலாவது நாள் மத்தியானம், பிரஷ்ஷைக் காதில் செருகிக்கொண்டு என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார்.

"முதலாளி, வெத்தலை மாத்த அப்பன் எடத்துல நீங்க உக்காரோணுமுங்க."

நான் மேசைமேல் கிடந்த காலண்டரை இழுத்தேன். "அன்னைக்கு வேற சோலி இருக்குதான்னு பாத்துத்தான் சொல்லோணும்."

"பாத்துச் சொல்லுங்க," என்று போய்விட்டார்.

பார்ப்பதற்கு என்ன இருக்கிறது. நாலு நாளாக நான் மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூட வீட்டுக்குப் போகாமல் பட்டறையிலேயே உட்கார்ந்திருந்தது, அவர் வந்து அந்த ஒரு வார்த்தையைக் கேட்கும்போது நான் இல்லாமல் போய்விடக் கூடாதே என்றுதான்.